நாக்கில் ஒட்டுவது

வெர்சோவாவில் கடல் உள்வாங்கிய ஞாயிறு.
உள்ளங்கை நீளம், கறுப்பு,
ஒருபுறம் வரிவரியாக.
விலா எலும்பு என்றேன்.

எலும்பென்றால் நாக்கில் ஒட்டும், என்றாள் மிருணாள்.
நக்கிப் பார்த்தேன்: உப்பு, டீசல்,
நேற்றுக் கரைத்த பிள்ளையாரின் பிளாஸ்டர்.
ஒட்டவில்லை.

இது எரிமலை கக்கிய ஊர்,
கிடைத்ததையெல்லாம் எலும்பென்று சொல்லாதே என்று
வினிகர் விட்டாள்.
ஓரத்துச் சிப்பி மட்டும் நுரைத்தது.
ஊசியைச் சுட்டு வைத்தாள்.
இளகியது. டயர் எரியும் வாடை.

செருப்பின் அடிப்பாகம்.
இடது கால், ஆறாம் நம்பர்,
குதிகாலின் வெளியோரம் அதிகம் தேய்ந்து.

எறியப் போனவளின் கையைப் பிடித்தேன்.
டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டுச்
சீட்டு எழுதினேன்:
வெர்சோவா, செப்டம்பர் 7, காலை 6.40.
இனம் தெரியவில்லை.
கொஞ்சம் சாய்ந்து நடந்திருக்கிறது.