அழுத்தாத விசை

பாசையூர் மீன் சந்தைக்குப் பின்னால்
சங்கக் கட்டடத்தின் சின்ன அறை.
முந்தி வலை வைத்த இடமாம்.
நைலோன் மணத்துக்குள் இருந்து
சேர்வர் மூச்சு விடுகிறது.
விடியப்புறம் மூன்றே முக்கால்.
நான் நிலத்தில், மடிக்கணினி முழங்காலில்.

கொழும்பிலிருந்து வந்த அறிக்கை ஒரே பக்கம்:
சராசரித் தாமதம் ஆறு மில்லிசெக்கன்.
பழுதேதும் இல்லை.
கீழே பச்சை மையில் கையொப்பம்.

ஆனாலும் பில் நின்றுவிடுகிறது.
ஏலம் முடிந்து, விலை கூறி,
பாரைக் கூடை கை மாறின பிறகும்
துண்டு வர ஐந்து செக்கன்.
ஐந்து செக்கன் என்ன பெரிதோ என்று கேட்காதீர்கள்.
பறுனாந்தின் லொறி வெளிக்க முன்
ஆனையிறவு தாண்ட வேண்டும்.
பின்னால் இன்னும் நாற்பது கூடை.

நிரலை ஓட்டினேன்.
நாலு கிலோபைட் துண்டுகள், எழுமாறாக,
ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு கேள்விகள்,
அறுபது செக்கன்.
வரிசையாய் வாசிக்கச் சொன்னால் எந்தத் தட்டும் வேகம்தான்,
தெரிந்த ஒழுங்கைக்குள் சைக்கிள் ஓடுவது போல.
எழுமாறாகக் கேட்க வேண்டும்:
கொழும்புத்துறை, உடனே சுழிபுரம், உடனே மணியந்தோட்டம்.
அப்போதுதான் அது தன் வயதைச் சொல்லும்.

சராசரி ஆறு. இடையம் ஐந்து.
அறிக்கை பொய் சொல்லவில்லை.
தொண்ணூற்றொன்பதாம் சதமணை முப்பத்தொன்று.
அதற்கும் கீழே,
புள்ளிக்குப் பின் ஒன்பதுகள் நீளும் இடத்தில்,
நாலாயிரத்து இருநூறு.

இரண்டாம் தரம் ஓட்டினேன், இல்லை.
மூன்றாம் தரமும் இல்லை.
நாலாம் தரம், முடியப் பத்துச் செக்கன் இருக்க,
சுவருக்கு அப்பால்
ஐஸ் உடைக்கிற மெசின்
ஒரு முழுப் பாளத்தைக் கடித்தது.
நடுக்கம் தரை வழியாய் என் முழங்காலுக்குள் ஏறிற்று.
நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு தரம் சுற்றும் தட்டுக்கு மேலே
மயிரிழையிலும் குறைந்த உயரத்தில் பறக்கிற தலை
தடம் தவறி, தேடி, மறுபடியும் தவறி.
திரையில் எண்கள் அசையாமல் நின்றன.

நம்பாமல் எழுந்து போய்
மெசின்கார ரெஜினோல்டிடம்
இன்னொரு பாளம் போடச் சொன்னேன்.
"ஆருக்கு?"
"கணக்குக்கு."
போட்டான். நாலாயிரத்து ஐந்நூறு.

பில் மேசையில் கொறற்றி.
கண்டுபிடித்ததைச் சொன்னேன். வியக்கவில்லை.
"அது தெரியும். மெசின் தொடங்கினா
நான் என்ரரைத் தட்டிறேல்லை.
விரலைத் தூக்கி வைச்சிருப்பன்.
தட்டினாப் பிறகு தொடங்கினாத்தான் மாட்டுப்படுறது."
எவ்வளவு காலமாய்?
"வந்த நாள் தொட்டு. பதினாலு மாசம்."
ஏன் சொல்லவில்லை?
"ஆர் கேட்டது?"

பதினாலு மாதம்.
தட்டாத விசைக்குத் தாமதம் கிடையாது.
கேட்காத கேள்வி எந்தப் பதிவிலும் விழாது.
காற்றில் நின்ற அந்த விரலை
ஆறு மில்லிசெக்கனில் சேர்த்தவர் யாருமில்லை.
வரிசையில் நின்றவர்கள் அவளைத்தான் ஏசினார்கள்:
"பிள்ளைக்கு நித்திரையோ?"

பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டி
சேர்வரின் நாலு காலுக்கும் கீழே மடித்து வைத்தேன்.
நாலாயிரம், முந்நூற்றெழுபதாக இறங்கியது.
போகவில்லை, இறங்கியது.
சுழலாத தட்டுக்கு விலை எழுதிக் கொடுத்தேன்.
தலைவர் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து
மாரி கழியட்டும் என்றார்.

சுவருக்கு அப்பால் மெசின் மறுபடி தொடங்குகிறது.
புதிய எண்களை அவளுக்கு நான்தான் காட்டினேன்.
"தட்டுங்கோ, இப்ப ஒண்டும் செய்யாது."
"ஓம்" என்கிறாள் கொறற்றி.
விரல்
விசைக்கு ஓர் அங்குலம் மேலே
நிற்கிறது.