வாடிய அலரி

லொறி வரவில்லை.
காரணம் அதுதான் என்றால்
இத்தோடு முடித்துவிடலாம்.

றோஸ்மீட் பிளேசில் ஒரு நீள மதில்,
மதிலோரம் பதினெட்டு மஞ்சள் அலரி.
தோளுயரத்துக்கு வெட்டு என்றார் மனேஜர்.
வெட்டினேன்.
ஒவ்வொரு கணுவிலும் பால் துளிர்த்து நின்றது,
கறந்து முடித்த காம்பில்
கடைசிச் சொட்டு நிற்பதைப்போல.

முழங்கையில் வடிந்த இடமெல்லாம்
பொழுதுபடுமுன் தடித்துச் சிவந்தது.
பொரளை பார்மசியில் ஒரு களிம்பு தந்தார்கள்,
முந்நூற்று எண்பது ரூபாய்.
அந்தச் செடிக்கும் எனக்கும் கணக்கு
அதோடு சரி என்றிருந்தேன்.

குவியல் மூன்று நாள் வெயிலில் கிடந்தது.
"இண்டைக்குள்ள எடு" என்றார் மனேஜர்.
இரவில் ஓட்டோவில் அமுக்கி ஏற்றி
தெமட்டகொடைக் கால்வாய்க் கரையில் கொட்டினேன்.
ஒருவரும் காணவில்லை.
தண்ணீருக்குள் ஒரு கபரகொய்யா தலையைத் தூக்கிற்று,
பிறகு அதுவும் போய்விட்டது.

நஸ்லியாவின் ஆடுகள் அந்தக் கரையில்தான் மேயும்.
மேயும் என்றால்
பஸ் டிக்கட், அன்னாசித் தோல்,
தேர்தல் சுவரொட்டியும் அதன் பசையும்.
தெருவில் பிறந்தவை, இலேசில் ஏமாறா.
நின்ற அலரியில் வாய் வைத்து,
தும்மி, தலையை உதறிக்கொண்டு போனதை
நானே கண்டிருக்கிறேன்.

வாடியது வேறு சங்கதி.
வெயில் கசப்பை எடுத்துவிடுகிறது.
மற்றதை எடுப்பதில்லை.

மிருக வைத்தியர் கையுறையைக் கழற்றியபடி
சிங்களத்தில் இதைத்தான் சொன்னார்,
மெதுவாக, எவரையும் ஏசாமல்.
நாலு ஆடு யூரியாப் பையின் கீழ்.
ஐந்தாவது கால்களை அகட்டி நின்றது,
விலாவுக்குள் இதயம்
ஒரு படி தவறி, இரண்டு படி தவறி
இறங்கிக்கொண்டிருந்தது.
ஆறாவதை இன்னும் தேடுகிறார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பதினொரு நாள்.
முற்பணம் வாங்கியிருந்தாளாம், மூன்று வீட்டில்.

நாங்கள் ஒரே தோட்டம், ஒரே தண்ணீர்ப் பைப்.
நானும் போய் நின்றேன்.
நிற்காவிட்டால் கேட்பார்கள்.

நஸ்லியா அழுது முடித்திருந்தாள்.
குவியலில் ஒரு கிளையை இழுத்து
வெட்டுவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
சரிவு, ஒரே வீச்சு, நார் கிழியவில்லை.
"கை பழகின ஆள்" என்றாள்.
என்னிடமா, கிளையிடமா, தெரியவில்லை.

சட்டைக் கையை
மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தானும் போட்டேன்,
பகல் ஒன்றரை மணிக்கு,
கொழும்பில்.