நிலுவை எண் நூற்றுப்பதினேழு

சிம்லாவில், சட்டமன்றக் கட்டிடத்தின் பின்பக்கம்,
குரங்குகள் ஜன்னலைத் தட்டும் அறையில்
எனக்கொரு சிவப்புப் பென்சில் தந்திருக்கிறார்கள்.
அவைக் குறிப்புகளைப் படிக்க வேண்டும்.
அமைச்சர்கள் வாயிலிருந்து விழுந்தவற்றுள்
எது வாக்கு, எது வெறும் மூச்சு என்று
பிரித்துக் கோடிட வேண்டும்.

‘ஆவன செய்யப்படும்’ — கோடு.
‘பரிசீலனையில் உள்ளது’ — கோடு.
‘உறுப்பினரின் கவலை எனக்கும் உண்டு’ —
மூன்று நாள் யோசித்து, கோடில்லாமல் விட்டேன்.
கவலையை எந்தத் துறை நிறைவேற்றும்?

அரசு உறுதிமொழிக் குழு என்பது
ஒன்பது உறுப்பினர்களும் ஒரு பட்டியலும்.
உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள்.
பட்டியலில் நூற்றுப்பதினேழாவது:
ரம்பூக் கிராமத்துக்கு, ஸ்பிதி ஆற்றின் மேல்,
‘வரும் நிதியாண்டிலேயே’ பாலம்.
சொன்னவர் கட்சி மாறி, தோற்று, வென்று,
மறுபடி தோற்று, ஆப்பிள் தோட்டம் பார்க்கிறார்.
அந்த நிதியாண்டு மட்டும் வந்தபாடில்லை.

பொதுப்பணித் துறை எழுதியது:
மண் பரிசோதனை நடைபெறுகிறது.
மறு ஆண்டு: மண் பரிசோதனை முடியும் தறுவாயில்.
ஏழாவது கால நீட்டிப்பில், சுருக்கமாக:
பயனாளிகள் பதினோரு வீட்டார் மட்டுமே;
பட்டியலிலிருந்து கைவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

தலைவர் லோகிந்தர் காய்ஸ்தா,
ஆளுங்கட்சிக்காரர், மூட்டுவலிக்காரர்,
தாளைக் கவிழ்த்து வைத்தார்.
‘போய்ப் பார்ப்போம்.’

இரண்டு நாள் பயணம்.
நாக்கோ தாண்டியதும் இருவருக்கு வாந்தி.
கரையில் ஒரு கம்பி. கம்பியில் ஒரு இரும்புக் கூடை.
செயற்பொறியாளர் சொன்னார்,
‘சாட்சியத்தை இக்கரையிலேயே எடுக்கலாமே.’
தலைவர் கேட்டார்,
‘வீடுகள் எக்கரையில்?’

கூட்டத்துக்குக் குறைவெண் மூன்று.
கூடைக்கு நிறைவெண் இரண்டு.
ஆகவே முதல் நடையில் தலைவரும்
எதிர்க்கட்சி பிரமிளா தேஷ்டாவும்,
அவையில் முகம் பார்த்தே பேசாதவர்கள்,
முட்டியோடு முட்டி இடிக்க, கண்களை மூடியபடி.
இரண்டாம் நடையில் இன்னொரு உறுப்பினர்,
அவர் மடியில் பாதியாக நான், குறிப்பேட்டோடு.
மூன்று தலை எண்ணியதும்
கூட்டம் சட்டப்படி தொடங்கியது:
காலை 11.40. இடம்: கம்பி கட்டிய பாறை.

சாட்சி: சேரிங் புதித், வயது நாற்பத்தொன்று.
எங்களை இழுத்துக் கரைசேர்த்தவர் அவரே.
கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
குளிர்காலத்துக்கு இரண்டு ஜோடி தேயும். எழுதிக்கொள்ளுங்கள்.
பட்டாணி மூட்டை, நடைக்கு ஒன்றுதான். எழுதிக்கொள்ளுங்கள்.
ஒருமுறை கப்பி சிக்கி
தங்கை மகன் நடு ஆற்றில் நாலு மணி நேரம் தொங்கினான்.
அழுதானா என்று தேஷ்டா கேட்டார்.
இல்லை, வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டான்.
அதை எழுதவா என்று பார்த்தேன்.
யாரும் தலையாட்டவில்லை. எழுதினேன்.

பிறகு அவர் கேட்டார்: ‘பாலம் வருமா?’

‘கண்டிப்பாக—’ என்று தலைவர் வாய் திறந்தார்.
பதினெட்டு வருஷப் பழக்கம்,
என் பென்சில் தானாக எழுந்தது.
அவர் அதைப் பார்த்துவிட்டார்.
கொஞ்ச நேரம் ஆறு மட்டும் பேசியது.
‘எங்களால் கட்ட முடியாது அம்மா.
உத்தரவு போடவும் முடியாது.
விடாமல் கேட்டுக்கொண்டிருக்க முடியும்.’

‘அதைத்தானே நானும் செய்கிறேன்’ என்று
புதித் கூடையை அருகே இழுத்தார்.

அறிக்கை, பத்தி 4.6:
கைவிடும் கோரிக்கை ஏற்கப்படவில்லை.
துறைச் செயலர் மூன்று மாதத்துக்குள்
குழுமுன் நேரில் வர வேண்டும். ஒருமனதாக.
அதை அவையில் வைத்தபோது இருந்தவர்கள் பதினாலு பேர்.
பிறகு யாரோ கேட்க, அமைச்சர் எழுந்து
‘கவனத்தில் கொள்ளப்படும்’ என்றார்.
இது புது வாக்கா, பழையதன் வாலா?
விதிப்புத்தகம் சொல்லவில்லை.
கோடு போட்டு, தனி எண் கொடுத்தேன்.

ஜனவரியில் செயலரின் கடிதம்:
பனி அதிகம், ஒரு மாத அவகாசம் தேவை.
பதினைந்து நாள் கொடுத்தார்கள்.
தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.
இந்நேரம் இரண்டாவது ஜோடியும் தேயத் தொடங்கியிருக்கும்.