நாற்பத்தொன்பது

கார்கோ ரசீதில் உங்கள் எடை
நூற்றுப் பதினெட்டு கிலோ.
பார்த்திருந்தால் கவுண்டரில் சண்டைக்குப் போயிருப்பீர்கள்:
"எழுபத்தொண்ணுக்கு மேல ஏறினவன் இல்ல சார் நான்,
பேடைக் கழட்டிட்டு நிறுத்துப் பாருங்க."
பெட்டியையும் சேர்த்துத்தான் அப்பா.
மரம், தகடு, ஆணி.
அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ரெசிடென்ட் கார்டில் துளை போட்டுத் தந்தார்கள்.
துளை சரியாக உங்கள் மீசையில் விழுந்திருந்தது.

தூதரகம், போலீஸ், பிணவறை என்று
மூன்று நாள் என்னோடு அலைந்தவர்கள்
உங்கள் ஆபீஸ்காரர்கள் இல்லை.
வாதி கபீரில் வெள்ளிக்கிழமைதோறும்
உங்கள் கால்விரலைக் குறிவைத்து யார்க்கர் வீசிய
தில்முராது என்ற பலூச்சிக்காரர்.
எந்த ஜன்னலில் எந்தக் காகிதம் என்று
அவருக்குத் தெரிந்திருந்தது.
"மச்சாது சார்" என்பார், பிறகு தொண்டையைச் செருமுவார்.
அதற்கு மேல் பேச எங்களுக்குப் பொதுவான மொழி இல்லை.

வாதி என்றால் ஆறு என்று அர்த்தம்.
வருஷத்தில் இரண்டு நாள் ஆறு,
மற்ற நாளெல்லாம் உங்கள் மைதானம்.
மழை முடிந்த மறுநாள் போய்
வெள்ளம் விட்டுப்போன சரளைக் கற்களைக்
குனிந்து குனிந்து பொறுக்குவீர்கள்.
வீட்டில் விழுந்த துண்டைக்கூட எடுக்காத மனுஷன் என்பாள் அம்மா.

அணியின் கயிற்றுப் பாய் நம் காரில்தான் இருக்கும்.
டிக்கியில் நுழைத்து, சீட்டை மடக்கி,
முன் சீட்டின் தலைவரைக்கும் நீட்டி.
பூசைக்கும் அதே காரில்தான் போக வேண்டும்.
"பாய்க்கு முன் சீட்டு, பொண்டாட்டிக்குப் பின் சீட்டு"
என்று முணுமுணுத்துக்கொண்டே
என்னை மடியில் இழுத்துக்கொள்வாள்.
கோயிலில் நீங்கள் முழந்தாளிட்ட இடத்தில்
இரண்டு வட்டம் மணல் கிடக்கும்.

வாழ்நாளில் ஒரு அரைச்சதம் இல்லை உங்களுக்கு.
அந்தக் கதையை எத்தனை தடவை சாப்பாட்டு மேஜையில்
உப்புக் குப்பியை ஸ்டம்பாக நிறுத்தி, கரண்டியைச் சாய்த்து:
"நாப்பத்தொம்பதுல நிக்கேன். தில்முராது போட்டான் ஒண்ணு,
உள்ள வந்து வெளிய போச்சு. போயே போச்சு."
நான் சிரிப்பேன். கரண்டி விழுவது பிடிக்கும் எனக்கு.

நேற்று இரவு அலமாரியில் அந்தப் பச்சைப் பேரேடு.
கம்பெனிக் கணக்குப் புத்தகம்.
பற்றுப் பக்கத்தில் ரன், வரவுப் பக்கத்தில் விக்கெட்,
கடைசித் தாள்களில் என் ஸ்கூல் ஃபீஸ்,
அம்மாவின் கம்மலை மீட்ட தேதி.
நடுவில் ஒரு ஜனவரி வெள்ளி.
மச்சாது, நாற்பத்தொன்பது.
பக்கத்தில் பௌல்டு என்று இல்லை.
உங்கள் நெருக்கமான கையெழுத்து:
"பாதியில் போனது. வெனிட்டாவுக்கு மூச்சுத் திணறல்."

எனக்கு ஐந்து வயது அப்போது.
நீலக் குழாயும் மருந்துப் புகையும் நினைவிருக்கிறது.
நீங்கள் பேடோடு நின்றீர்களா?
அதுதான் நினைவில் இல்லை.
கால் இரண்டும் வெள்ளையாகத் தடித்திருந்ததை
ஆஸ்பத்திரித் தூண் என்று நினைத்திருப்பேனோ.

தில்முராதிடம் பக்கத்தைக் காட்டினேன்.
தமிழ் தெரியாதவர், எண்ணில் விரலை வைத்தார்.
மூன்று விரலைக் காட்டினார்.
அந்த ஓவரில் இன்னும் மூன்று பந்து.
பிறகு கையை விரித்தார்.
வீசவில்லை என்பதா, காத்திருந்தோம் என்பதா,
கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை எனக்கு.

பொய் சொல்லத் தெரியாதவர் என்று
பூசையில் சாமியார் உங்களைப் பற்றிச் சொன்னார்.
நான் தலையாட்டினேன்.

இன்று காலை பையன்கள் வந்து
பாயை இறக்கிக்கொண்டு போனார்கள்.
மடக்கிய சீட்டை நிமிர்த்தித்
தேங்காய்நாரையும் மணலையும் தட்டிவிட்டேன்.
ஏர்போர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.
முன் கதவைத் திறந்துவைத்து நின்றேன்.
அம்மா ஒரு கணம் பார்த்தாள்.
பிறகு பின் கதவைத் தானே திறந்து
ஏறி உட்கார்ந்துகொண்டாள்.