வெளியாள்

சிவதாபுரத்தில் மழை விட்ட மறுநாள்.
ஓடைத் தண்ணீர் தெருவேறி
வெள்ளிப்பட்டறைப் படி வரைக்கும் வந்து
போக மனமில்லாமல் நிற்கிறது.
யாரோ போட்டுவைத்த மூன்று கல்லில் கால் வைத்து
எடைபார்க்கும் தராசை இடுப்பில் இடுக்கித் தாண்டுகிறேன்.
இன்றைக்கு இது முப்பத்தொன்பதாவது வீடு.

பதினெட்டு வயசுக்குக் கீழே எத்தனை பேர் என்றால்
"எங்களுதுங்களா, தெருவுதுங்களா?" என்கிறாள் யசோதா.
உள்ளே ஒரே ஒரு செல்போன்.
அதைச் சொம்பில் சாய்த்துவைத்து
ஆறு பிள்ளைகள்
உள்ளங்கை அகல வாத்தியார் முகத்தின்மேல்
கன்னத்தோடு கன்னம் ஒட்டக் குனிந்திருக்கிறார்கள்.
அந்த மூலையில்தான் நெட்வொர்க் கிடைக்குமாம்.
ஜன்னலைத் திறந்தால்
பாடத்துக்கு மேல்
பட்டறையில் கேஸ் ஊதும் இரைச்சல் ஏறுமாம்.

படிவத்தில் கட்டங்கள்:
நீரிழிவு, இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா, உடல் பருமன்.
சாத்திய ஜன்னலுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதலாமென்றால்
ஓரத்தை அச்சாபீஸ்காரன் கத்தரித்திருக்கிறான்.

மௌலீஸ்வரனுக்குப் பதின்மூன்று.
தராசில் ஏறமாட்டேன் என்கிறான்.
"நான் கண்ணை மூடிக்கறேன், நீயே பாத்துச் சொல்லு."
"ஐம்பத்தஞ்சு" என்றான்.
இமையிடுக்கில் பார்த்தேன்,
முள் எழுபத்தொன்றில் ஆடிக்கொண்டிருந்தது.
ஐம்பத்தைந்து, பள்ளி மைதானத்தைப் பூட்டுவதற்கு முன்னால் இருந்ததாம்.
அப்போது கபடியில்
கணுக்கால் பிடித்தால் விடமாட்டானாம்.
இப்போது நாளெல்லாம் சம்மணமிட்டு
யார் யார் கணுக்காலுக்கோ
கொலுசுக் கொக்கி கோக்கிறான்.
"நல்லாச் சாப்பிடற புள்ளைங்க" என்றாள் யசோதா,
எனக்கு அல்ல, எழுதுகிற பேனாவுக்கு.

அக்கா சங்கவிக்குப் பதினாறு.
ஒரு வாக்கியத்தின் பாதியில்
படியேறுகிறவள்போல் நின்று
மூச்சை வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்கிறாள்.
"இழுப்பு இருக்குதா?"
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க"
முந்திக்கொண்ட அம்மாவின் கண்
சொல் முடியுமுன்னே போய்விட்டது
சுவர்க் காலண்டருக்கு.
ஜூன் மாதத்தின் வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது.

"தாரமங்கலத்துல ஒரு எடம் கேட்டிருக்காங்க.
பதினெட்டு முடியட்டும்னுதான் இருக்கறோம்" என்று
அவசரமாக ஒட்டினாள்,
"பேப்பர்ல ஏறிட்டா ஊருக்கே தெரிஞ்சிருமுங்க."

சங்கவியிடம்தான் சொன்னேன்:
அதை அங்கே வைக்காதே,
ராத்திரி முட்டினால் தேடிக்கொண்டிருப்பாய்.
"இருட்டுலயும் எடுப்பனுங்க" என்றாள்.
நேற்றும் எடுத்திருக்கிறாள் என்று
அந்த நிதானத்தில் தெரிந்தது.

ஆஸ்துமா: உண்டு.
டிக் அடித்தேன்.
எனக்காகக் கொதித்துக்கொண்டிருந்த டீயை
யசோதா இறக்கிவைத்தாள், ஊற்றவில்லை.

கடைசிக் கேள்வி.
பதினாலு நாளில் வீட்டுக்குள் வந்துபோன வெளியாள்?
"ஊரடங்குல யாருங்க வருவா. ஒருத்தரும் இல்லை."
கொக்கி கோத்த கை நிற்காமல்
மௌலீஸ்வரன் சொன்னான்:
"இவங்க வந்தாங்கல்ல."

வந்தேன். ஒன்பது நாளாகிறது.
இதே முகக்கவசம், துவைத்துத் துவைத்துச் சல்லடையானது.
அன்று இங்கே வருமுன்
பனங்காட்டில் ஒருவர் இருமிக்கொண்டே நாற்காலி நீட்டினார்,
கால் வலியில் உட்கார்ந்துவிட்டேன்.
மறுவாரம் அந்த வீட்டுக் கதவில் தகரம் அடித்திருந்தது.
எனக்குச் சோதனை எடுக்கவில்லை,
ஒப்பந்தக்காரர்களுக்கு அடுத்த மாதம் என்றார்கள்.

எழுதினேன்.
பெயர்: கு. மரகதவல்லி.
வந்த காரணம்: கணக்கெடுப்பு.
உறவுமுறை என்ற கோட்டின்மேல்
பேனா சும்மா நின்றது.

அப்போது பார்த்து வாத்தியாரின் முகம் உறைந்துபோக
வாய் திறந்தபடி இருந்த அவர் அசைவதற்காக
ஆறு பிள்ளைகளும் மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தார்கள்.
கிளம்பும்போது
ஜன்னலில் ஒரு கதவைத் தள்ளித் திறந்தேன்.
மூன்றாவது கல்லைத் தாண்டுமுன்
யாரோ அதைச் சாத்தும் சத்தம் கேட்டது.