ஐம்பத்தைந்தரை

முதலில் முடிவெட்டு, பிறகுதான் அளவு.
மாற்றிச் செய்தால்
தொப்பி மறுநாளே காதுவரை இறங்கிவிடும்.
பதினோரு வருடமாக
அல்சூர் ஏரியோரக் கிடங்கில் நாடா பிடிக்கிறேன்.
புருவத்துக்கு மேலே இரண்டு விரல்,
பிடரி மேட்டைச் சுற்றி
மறுபடி நெற்றிக்கு.
ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தாறு.
புதுத் தலைகள் பேசுவதில்லை.
வியர்க்கின்றன.

டீ வேளையில் ஹவில்தார் குஞ்ஞம்பு
ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.
குஞ்சம் எதற்கு?
குள்ளனும் எதிரிக்கு நெட்டையாய்த் தெரிய.
ஒரு பக்கம் ஓரத்தை மடித்தது?
தோளில் சாய்த்த துப்பாக்கி இடிக்காதிருக்க.
சட்டைக் கை நுனியில் பித்தளைப் பொத்தான்?
மூக்கைத் துடைக்கிறவனுக்கு வைத்த முள்.
காக்கி?
பாரசீகத்தில் புழுதி என்று அர்த்தம்;
வெள்ளைத் துணியைச் சேற்றில் முக்கினார்கள்,
தேயிலைத் தண்ணீரில் வேகவைத்தார்கள்,
மலையில் படுத்தால் மலையாகிவிடலாம் என்று.
இதில் பாதி சரித்திரம்,
பாதி கேன்டீன் ரம்.
எது எந்தப் பாதி என்று நான் கேட்டதில்லை.

நான் வேலூர்க்காரி.
கோட்டை அகழியைப் பார்த்துக்கொண்டே
பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடித்தவள்.
குஞ்ஞம்பு சொல்லாத ஒரு தொப்பியை
எனக்குத் தெரியும்.

ஆயிரத்து எண்ணூற்று ஆறு, கோடை.
புதுத் தலைப்பாகை வந்து இறங்கியது.
வெள்ளைக்காரன் தொப்பி போல உருண்டை,
முன்னால் தோலில் செய்த சின்னம்.
எதன் தோல்?
அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.
நெற்றியை அழி. கடுக்கனைக் கழற்று. தாடியை வழி.
மாட்டேன் என்றவன் முதுகில்
எண்ணி எண்ணிக் கசையடி.
ஜூலையில் ஓர் இரவு
கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது.
விடிந்ததும் ஆற்காட்டிலிருந்து குதிரைகள் வந்தன.
மதிலோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள்.
பிறகு உத்தரவு வாபஸ்.
தலைப்பாகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.
தலைகளைத் திருப்பித் தரவில்லை.

அந்தப் படைக்கும்
நாடா பிடித்தவன் ஒருவன் இருந்திருப்பான்.
அவன் கணக்குப் புத்தகத்தில்
எத்தனை வரவு, எத்தனை திரும்பியது,
எத்தனை கறையோடு?

இன்று வரிசையில் பதினெட்டாவது ஆள்
பிச்சைக்கனி, சாயர்புரம் பக்கம்.
இடது காதில் குத்திய துளை
தூர்ந்துகொண்டிருக்கிறது.
நேற்றுவரை ஏதோ மின்னியிருக்கும் அங்கே.
கழற்றச் சொன்னது யார் என்று கேட்கவில்லை,
நாடாவை இறுக்கினேன்.
ஐம்பத்தைந்தரை.

அரை என்று ஓர் எண்
சர்க்கார் அலமாரியில் கிடையாது.
ஐம்பத்தைந்து போட்டான்:
"இறுக்குதுக்கா."
ஐம்பத்தாறு போட்டான்,
தொப்பி திரும்பியது, தலை திரும்பவில்லை.
பின்னால் இருந்தவன் சிரித்தான்.

மேசையில் டீக்கு விரித்த கன்னடப் பேப்பர்.
ஒரு துண்டு கிழித்தேன்,
நாலாய் மடித்து
உள்பட்டைக்குள் செருகினேன்.
"ஆட்டிப் பாரு."
ஆட்டினான். அசையவில்லை.
கையெழுத்துப் போடும்போது
தன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு
மேலே சின்னதாய்ச் சேர்த்தான்.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே அணிவகுப்பு.
எல்லாத் தொப்பியும் ஒரே உயரம்,
நூல் பிடித்த மாதிரி.
மூன்றாம் வரிசையில் ஒரு கை மட்டும்
மெல்ல மேலே போய் நெற்றியைச் சொறிய,
"ஏய்!" என்று மைதானமே அதிர்ந்தது.

அங்கே என்ன அரிக்கிறது என்று
பெங்களூரில் எனக்கு மட்டும்தான் தெரியும்:
நாளை இடியுடன் மழை,
தக்காளி விலை,
பாதியில் அறுந்த ஒரு கல்யாண விளம்பரம்.