நூற்று எண்பத்தொன்று

ஆமர் வீதியில், இரும்பு அறுக்கிற சத்தத்துக்கு மேலே
ஒரு பலகைத் தட்டு, ஒரு காற்றாடி, என் கணினி.
நான் கோடு கீறுவது குறைவு. பெயர் வைக்கிறேன்:
உயரம். ஏற்றம். மிதி. படிகள்.
வீட்டுக்கு வீடு கையால் இடுவது ஓர் எண்தான்.
மீதியெல்லாம் அதன் முகம் பார்த்து
நீளும், குறுகும்.

உயரத்தை நூற்றெண்பதால் வகு.
மிச்சம் மயிரளவு இருந்தாலும்
மேலே கூட்டி முழு எண்ணாக்கு, அத்தனை படி.
அறுநூறில் இரண்டு ஏற்றம் கழித்தால் மிதி.
ஏற்றம் நூற்றெண்பதைத் தாண்டக் கூடாது என்பது
முதலாளி மஸாஹிரின் சட்டம்.
காரணம் அவர் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

ஜம்பட்டா வீதியில் ஒரு வீட்டை
இரண்டாக்கிக்கொண்டார்கள் இரண்டு குரூஸ்மார்.
மேல்மாடி தம்பிக்கு.
அண்ணன் முகத்தில் முழிக்காமல் ஏறிப்போக
வெளியால் ஓர் இரும்புப் படி வேண்டுமாம்.

காலையில் தம்பி கிளாரன்ஸின் அழைப்பு:
"மூவாயிரத்து அறுபது."
இட்டேன். பதினேழு படி, மிச்சமே இல்லை.
நீலக் கோடுகள் கறுத்து
அசையாமல் நின்றன.

பின்னேரம் எட்மண்ட்:
"அவன் சொன்னது பிழை பிள்ளை.
மூவாயிரத்து எழுபத்தைந்து. நானே அளந்தனான்."
இட்டேன்.
பதினெட்டு.

பதினைந்து மில்லிமீட்டர். ஒட்டுச் சாந்தோடு ஒரு டைல்.
அதற்காக ஒரு படி முளைத்து,
மிதிகள் அகன்று, பக்கத் தகடு நீண்டு,
போல்ட் துளைகள் வரிசையாய் இடம்மாறி,
அடிப்படி போய் உட்கார்ந்தது
எட்மண்டின் வாசலுக்குக் குறுக்கே.
அவர் எண், அவர் கதவு.
சூத்திரத்துக்கு அண்ணன் தம்பி தெரியாது.

மழைக்குள் த்ரீவீலில் நானே போனேன்.
டேப்பின் மேல்நுனியைக் கிளாரன்ஸ் பிடித்தார்,
கீழ்நுனியை எட்மண்ட்.
தவணை வழக்கு தொடங்கிய பிறகு
இருவரும் சேர்ந்து பிடித்த பொருள்
அது ஒன்றாகத்தான் இருக்கும்.
மூவாயிரத்து அறுபத்தெட்டு.
"நான் சொன்னதுக்குக் கிட்டத்தான்" என்றார்கள் இருவரும்,
என்னிடம்.

திரும்பி வந்து இட்டேன். இன்னும் பதினெட்டு.
வாசலுக்குள் இருநூற்றைந்து மில்லிமீட்டர்.

படிகள் என்ற இடத்தில் பதினேழு என்று
கையால் அடித்துவிடலாம்.
அடித்தால் அங்கே சூத்திரம் செத்துவிடும்;
அடுத்த வீடு எவ்வளவு உயர்ந்தாலும்
பதினேழே நிற்கும், பிரேதம் போல.

கீழே மெஷினை நிறுத்தியிருந்தார்கள். தேநீர் நேரம்.
அந்த அமைதியில்
நூற்றெண்பதை நூற்றெண்பத்தொன்றாக்கினேன்.

ஒரு படி மறைந்தது.
மற்றப் பதினேழும் அதன் சுமையைப்
பங்குபோட்டுக்கொண்டன,
ஆளுக்கு அரை மில்லிமீட்டர் சட்டத்துக்கு மேலே.
தகடு உள்ளிழுத்தது, துளைகள் பின்னால் வந்தன,
கதவு திறந்தது.
அரை மில்லிமீட்டர் எந்த முழங்காலுக்குத் தெரியும்?

படி பூட்டியாயிற்று.
போன வாரம் அந்தப் பக்கம் போனபோது
கைபிடியில் துவாய்கள் காய்ந்தன.
மேல்வீட்டுடையதா கீழ்வீட்டுடையதா,
கேட்கவில்லை.

மஸாஹிரிடமும் இன்னும் சொல்லவில்லை.
சேமித்தது மூலக் கோப்பிலேயே என்பதை
நாலைந்து நாள் கழித்துத்தான் கண்டேன்.
அதற்குள் கிராண்ட்பாஸில் ஒரு படி, மட்டக்குளியில் இரண்டு,
தெமட்டகொடையில் ஒரு டியூஷன் வகுப்புக்கு ஒன்று.
திருப்பி மாற்ற விரலை வைத்தேன்.

பிறகு எடுத்துவிட்டேன்.